பனியனுக்குள் போன பக்கங்கள்

ஓடிப்போகிறவன் பம்பாய்க்கு ஓடுவான், சென்னைக்கு ஓடுவான். மகுடேஸ்வரன் தன் பதினேழாவது வயதில் ஓடியது ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்கு. மொத்தமே பதினைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆனால் அதைச் சொல்கிறபோது மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டும், ஏழு கடல் தாண்டி வந்தவர் கெட்டார். "ஒத்தச் சட்டையோட வந்தவன் நான்" என்று ஆரம்பித்தால் முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும். கேட்டுக் கேட்டு அவர் மனைவி ரோஸ்மேரிக்குக் காது புளித்துவிட்டது.

அப்படிப்பட்டவரின் ஒரே பையன் சசிகுமார் புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வீட்டில் இல்லை.

காரணம் ஒன்றும் மூடுமந்திரமில்லை. முந்தைய நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பையன் மூன்று வாரமாக வகுப்புக்கே வரவில்லையாம். பிளஸ் டூ படிக்கிறவன், தினமும் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸோடு கிளம்பியவன், எங்கேதான் போனான்? அதைக் கேட்டிருந்தால் தேவலை. கேட்பதற்கு முன் கை நீண்டுவிட்டது. அனுப்பர்பாளையத்தில் அவர்கள் குடியிருக்கிற லைன் வீட்டு வாசலில், குடம் வைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேர் பார்க்க, கன்னத்தில் ஒன்று. அதோடு விட்டாரா? "உன்ற வயசுல நான் ஊட்ட உட்டு வந்து சொந்தக் கால்ல நின்னேன். உனக்கு அந்தத் தெம்பு இருக்குதாடா?" என்றும் கேட்டார். சசி கன்னத்தைக்கூடத் தடவவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

இப்போது கட்டில் காலி. செல்போன் ஸ்விட்ச் ஆஃப். தலையணை மேல் ஒரு புத்தகம் கிடந்தது.

அந்தப் புத்தகத்தை மகுடேஸ்வரன்தான் பிப்ரவரியில் புத்தகக் கண்காட்சியில் வாங்கிக் கொடுத்தார். பழைய நாவல், புது அச்சு. தச்சுப்பட்டறைக்காரரின் மகன் ஒருவன், பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தப்பட்டவன், வீட்டைவிட்டு மூன்று நாள் நடந்தே திரிகிற கதை. அந்தப் பையனே எரிச்சலும் கோபமுமாகச் சொல்லிக்கொண்டு போவான். வழியில் பார்க்கிற எல்லோரிடமும் பொய் சொல்வான், எல்லோரையும் திட்டுவான். "என்னை மனுசனாக்குன புக்கு இது. படி" என்று பையன் கையில் திணித்தாரே ஒழிய, தான் ஒரு பக்கம் புரட்டவில்லை. படித்த புத்தகத்தை எதற்குத் திரும்பப் படிப்பது?

"ஸ்டேஷன்ல போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க" என்றாள் ரோஸ்மேரி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்து, இவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டவள். இருபது வருடத்தில் ஊர் மாறினாளே தவிரப் பேச்சு மாறவில்லை. "பிள்ள முகமே நேத்து சரியில்லைங்க."

"எங்க போயிருவான்? ஏதாவது கம்பெனில போயி நின்னுருப்பான். நான் வல்லியா? வகுறு காஞ்சா தன்னால வருவான்."

"நீங்க வந்தது வேற. இவன் என் பிள்ள."

"என்ற பையனுந்தான்" என்றார் மகுடேஸ்வரன். உள்ளுக்குள் அவருக்கும் கலக்கம்தான். ஆனால் ஒப்புக்கொண்டால் முப்பது வருடக் கதை என்ன ஆவது? போதாக்குறைக்கு ஒரு மூலையில் சின்னப் பெருமை வேறு, பையனுக்கும் ரோஷம் இருக்கிறதே என்று. வேறு என்ன சொல்வது, அடித்தவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

ஆறு மணியிலிருந்து கட்டிலில் உட்கார்ந்து நாவலைப் புரட்டினார். பையன் எந்தப் பக்கம் போயிருப்பான் என்று அதிலேயே தெரிந்துவிடும் என்ற நினைப்பு. எட்டு மணிக்கு எழுந்து குளித்தார். வெளிநாட்டுச் சரக்கு நாலு மணிக்குக் கன்டெய்னர் ஏற வேண்டும், பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ் அவர். புத்தகத்தை டிபன் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். ரோஸ்மேரி வாசலில் நின்று பார்த்தாள்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வீரன் சல்யூட் வைத்தார். "ஏனுங்க, இன்னைக்குக் கண்ணெல்லாம் செவந்திருக்குது? வயசுக் காலத்துல தூக்கங்கெட்டுப் படம் பாத்தீங்களா?" வீட்டு விவகாரம் வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று மகுடேஸ்வரன் கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றாவது மாடியில் பேக்கிங். டீ-சர்ட் மலை மலையாகக் குவிந்து கிடக்க, பெண்கள் மடித்து, அட்டை வைத்து, கவரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் மடித்தது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார் மகுடேஸ்வரன். வீட்டிலும் இதே தொல்லைதான். காலையில் எழுந்ததும் துண்டு, லுங்கி, பையன் சட்டை எல்லாவற்றையும் பிரித்துக் கம்பெனி மடிப்பாக மறுபடி மடிக்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. இன்று மட்டும்தான் எதையும் தொடவில்லை.

அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நாவலைத் தொடர்ந்தார்.

இந்த நாவல் அவர் கைக்கு முதலில் வந்ததே ஒரு கூத்து. பிளஸ் டூவில் ஃபெயிலானதற்கு அவரைப் பெற்ற அய்யன் லிங்கசாமி பால் சொசைட்டி வாசலில் ஊரே பார்க்க அடித்தார். மறுநாளே இவர் பஸ் ஏறி, ஒரு பனியன் கம்பெனியில் மடிக்கிற வேலையில் சேர்ந்தார். மடிப்பு விறைப்பாக நிற்க இப்போது வெள்ளை அட்டை வைக்கிறார்கள். அப்போது உள்நாட்டுச் சரக்குக்கு எடைக்கு வாங்கிய பழைய புத்தகத் தாள்தான். கட்டு கட்டாக வரும், நாலைந்து தாளைக் கிழித்துப் பனியனுக்குள் வைத்து மடிக்க வேண்டியது. அந்தக் கட்டில் கிடந்த இந்த நாவலைச் சாப்பாட்டு நேரத்தில் படிக்க ஆரம்பித்தவர், கிழிக்காமல் ஒளித்து வைத்தார். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தால், எவனோ கடைசியிலிருந்து கிழிக்க ஆரம்பித்திருந்தான். முடிவெல்லாம் பனியனோடு பனியனாகக் கல்கத்தாவுக்குப் போய்விட்டது.

மிச்சமிருந்த கடைசிப் பக்கத்தில் அந்தப் பையன் ஒரு குளக்கரையில் நிற்கிறான். சட்டையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, ஒரு கல்லின் மேல் வைக்கிறான். 'இனி எனக்கு இது வேண்டாம்' என்கிறான். அதோடு தாள் முடிந்தது. பதினேழு வயது மகுடேஸ்வரனுக்கு அது போதுமாக இருந்தது. பழைய சட்டையை உதறிவிட்டு அக்கரைக்கு நீந்திப் போய் வேறு ஊரில் ஆளாகிவிட்டான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். சசிக்குச் சொன்னபோது அச்சில் இருந்தது போலவே சொன்னார். புருடா விடுகிறோம் என்று அவருக்கே மறந்து பல வருடமாகிவிட்டது.

முப்பது வருடம் கழித்துப் படிக்கிறபோது நாவல் ஆளை மாற்றிப் பிடித்தது. 'எங்கப்பாவுக்கு மரத்தின் ரேகை தெரியும், என் முகம் தெரியாது' என்று ஒரு இடம். அன்று அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று விசிலடித்தவர் இவர். இன்று அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தச்சரை ராட்சசன் என்றல்லவா நினைத்திருந்தார்? தேடித் தேடிப் பார்த்தும் ராட்சசனைக் காணோம். காலையில் எழுந்து வேலைக்குப் போய், கோபம் வந்தால் அடித்து, பையன் வரும்வரை சோற்றை மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் படுக்கிற சாதாரண ஆள். எல்லா வீட்டிலும் இருக்கிற ஆள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டே கால் மணிக்குக் குளக்கரைப் பக்கம் வந்தது. சட்டையைக் கழற்றினான். மடித்தான். கல்லின் மேல் வைத்தான். 'இனி எனக்கு இது வேண்டாம்.'

நீந்தி அக்கரைக்குப் போகிறவன் சட்டையை எதற்கு ஒழுங்காக மடித்து வைக்கிறான்? ஒரு பையன் தண்ணீர் ஓரத்தில் சட்டையை மடித்து வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எந்தத் தகப்பனுக்குத் தெரியாது? அனுப்பர்பாளையத்தைச் சுற்றிப் பாறைக்குழிகளுக்குப் பஞ்சமா? கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன குழிகளில் ஐம்பது அடிக்குத் தண்ணீர். வருடத்துக்கு ஒரு பையனையாவது அதிலிருந்து எடுக்கிறார்கள்.

பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கம் இல்லை. கடைசித் தாள்கள் அத்தனையும் தையலோரமாகச் சுத்தமாகக் கிழிக்கப்பட்டிருந்தன. முப்பது வருடத்துக்கு முன் எந்த வரியில் நின்றதோ அதே வரியில்தான் இந்தப் புத்தகமும் நின்றது. அப்பா சொன்ன கதை எது வரைக்கும் நிஜம், எங்கிருந்து சொந்தச் சரக்கு என்று சசி கண்டுபிடித்துவிட்டான்.

ரோஸ்மேரிக்குப் போன் போட்டார். "ரோசி, பையன் சட்டை எதையாச்சும் மடிச்சு வெச்சிருந்தானா?"

"ஆமாங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்? யூனிஃபார்ம் சட்டைய மடிச்சுக் கட்டில் ஓரத்துல வச்சிருந்தான். அச்சு அசலா உங்க கம்பெனி மடிப்பு. ஒரு நாளும் இல்லாத திருநாளா இருக்கேன்னு நான்தான் எந்திரிச்சதும் எடுத்துப் பீரோல வச்சேன்."

"அதப் பிரி. உள்ள அட்டை இருக்குதா பாரு."

பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. "அட்ட இல்ல. தாளு இருக்கு. அச்சடிச்ச தாளு, ஏழெட்டு இருக்கும்."

மகுடேஸ்வரன் சுவரில் சாய்ந்தார். காலையில் எழுந்ததும் அப்பா சட்டையைத் தொடுவார், தொட்ட உடனே உள்ளே இருப்பது அட்டை இல்லை என்று விரல் சொல்லிவிடும் என்று பையன் கணக்குப் போட்டிருக்கிறான். இந்த உலகத்தில் வேறு எந்தப் பையன் அப்படி ஒரு இடத்தில் கடுதாசி வைப்பான்?

"படி" என்றார். "சத்தமாப் படி."

ரோஸ்மேரி எட்டாவதோடு நின்றவள். பைபிள் வாசித்த பழக்கத்தில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் படிப்பாள். பக்கத்தில் டேப் ஒட்டுகிற மிஷின் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"தண்ணீர்... முட்டி வரைக்கும்... வந்தது. அதற்கு மேல் போக... எனக்கு மனசில்லை. சாவதற்கும்... ஒரு கோபம் வேண்டும். எனக்கு... பசிதான் இருந்தது." ரோஸ்மேரி நிறுத்தினாள். "ஏங்க, இது என்னங்க? என் பிள்ள எங்கங்க?"

"படி ரோசி. நிறுத்தாத."

"கரையேறினேன். சட்டையை... அங்கேயே விட்டேன். யாராவது அப்பாவிடம்... கொடுப்பார்கள். பட்டறைக்கு எதிரே... புளியமரத்தடியில் போய்... உட்கார்ந்தேன். இன்றைக்கு அப்பா... பட்டறை திறக்காவிட்டால்... நான் வீட்டுக்குப் போய்விடுவேன். திறந்தால்... மத்தியானச் சங்கு ஊதும்வரை... பார்ப்பேன். பிறகு... பஸ் ஏறிவிடுவேன்."

மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.

"எட்டு மணிக்கு... அப்பா வந்தார். பூட்டைத் திறந்தார். பக்கத்துக் கடைக்காரர்... ஏதோ சொன்னார். அப்பா... சிரித்தார்."

காலையில் வீரனிடம் சிரித்த சிரிப்பு மகுடேஸ்வரனுக்கு அப்படியே காதில் கேட்டது. எதிர்ச்சாரிக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்திருந்தார்.

"சங்கு ஊதுச்சா? அத மட்டும் பாரு."

தாள் புரளும் சத்தம். "ஊதிருச்சுங்க. அவன் பஸ்ல ஏறிட்டான். அதோட முடிஞ்சிருச்சு."

அதே நேரம் தலைக்கு மேலே சாப்பாட்டு பெல் அடித்தது. பன்னிரண்டரை.

மூன்று மாடிப் படியில் முந்நூறு பேர் சாப்பிட இறங்கிக்கொண்டிருந்தார்கள். தமிழும் இந்தியுமாக ஒரே இரைச்சல். "வழி உடுங்க, வழி உடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே இடித்துத் தள்ளி இறங்கினார். ஆர்டர் கெட்டுவிட்டதா, நெருப்பு பிடித்ததா என்று யாரோ கேட்டார்கள். கேட்டைத் தாண்டி எதிரே இருந்த முருகேஷின் பேக்கரிக்கு ஓடினார். கேட்டைப் பார்க்கிற மாதிரி உட்கார அந்தத் தெருவில் வேறு இடம் கிடையாது.

ஜன்னல் ஓர மேசையில் ஒரு டீ டம்ளர் மட்டும் இருந்தது.

"என்ற பையன் வந்தானா முருகேசு?"

"இப்பத்தானுங்க எந்திரிச்சுப் போறான். பெல் அடிச்சுதுங்கல்ல, டக்குனு கிளம்பிட்டான். காலைல ஏழரைக்கே வந்துட்டானுங்க." முருகேஷ் டீ ஆற்றிக்கொண்டே சொன்னார், "மூணு வாரமா நெதமும் இங்கதானுங்க. நீங்க உள்ள போறவரைக்கும் அந்த மேசைல உக்காந்திருப்பான், அப்பறம் எந்திரிச்சுப் போயிருவான். ஸ்கூல் லீவுன்னானுங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மகுடேஸ்வரன் மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினார். நாற்பத்தேழு வயதும் சர்க்கரையும் உள்ள ஆள், செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. தெரு நிறையச் சாப்பிடப் போகிற பையன்கள், எல்லோருக்கும் அதே உயரம், எல்லோருக்கும் அதே டீ-சர்ட். தோளைத் தொட்டுத் திருப்பினால் வேறு முகம். ஒன்று, இரண்டு, நாலு முகம். திருப்பத்துக்கு வரும்போது ஸ்டாப்பிலிருந்து ஒரு பஸ் கிளம்பிவிட்டது. "நிறுத்துங்க" என்று கத்தினார். டிரைவருக்குக் கேட்கவில்லை. பின் கண்ணாடியில் ஏதேதோ தலைகள். பஸ் போயே போய்விட்டது.

ஸ்டாப்பில் ஆளே இல்லை. ரோட்டோரமாக அப்படியே நின்றார். ஐயோ, போய்விட்டானே என்று வாய்விட்டே சொன்னார். அழுகை வந்தது. வெட்கப்படவில்லை.

"அப்பா."

ஸ்டாப்புக்குப் பின்னால் சாக்கடைத் திட்டில் சசி உட்கார்ந்திருந்தான். மடியில் பை. கன்னத்தில் நேற்றைய வீக்கம் இன்னும் இருந்தது.

மகுடேஸ்வரன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு இரைப்பது நிற்கவே இரண்டு நிமிடம் ஆனது. ரோஸ்மேரிக்குப் போன் போட்டு "இருக்கான்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பக்கம் அவள் கர்த்தரைக் கூப்பிட்டு அழுதது பையனுக்கும் கேட்டது.

"பஸ்ஸ உட்டுட்டனுங்க" என்றான் சசி, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஏறலாம்னுதான் வந்தேன். நீங்க சட்டையத் தொட்டுருந்தா உள்ள தாளு இருக்கறது தெரிஞ்சிருக்குமே, அப்பறம் எப்பிடிக் கம்பெனிக்கு வந்தீங்கன்னுதான் எனக்குப் புரியலீங்க. அதக் கேக்காமப் போறதுக்கு மனசு வல்லீங்க."

"தொடலீடா. உங்கம்மா எடுத்துப் பீரோல வெச்சுட்டா."

சொல்லிவிட்டு, அது சாக்கு என்று அவருக்கே உறைத்தது. "நீ இல்லைன்னு தெரிஞ்சுந்தான் வேலைக்கு வந்தேன். சிரிச்சேன். அது தப்புத்தான்" என்றார். பையனிடம் தப்பு என்று ஒப்புக்கொள்வது அவருக்கு அதுதான் முதல் தடவை.

சசி மடியில் இருந்த பையைச் சரித்துக்கொண்டான்.

"நீங்க சொன்ன மாதிரி அந்தப் புக்குல அவன் அக்கரைக்கு நீந்தவே இல்லீங்களே?"

"என்ற புக்குல அந்தப் பக்கமெல்லாம் இல்ல கண்ணு. பனியனுக்குள்ள வெச்சுக் கல்கத்தாவுக்கு அனுப்பிச்சுட்டாங்க."

சசி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். "அப்ப முடிவே தெரியாமத்தான் ஊத்துக்குளில அப்பாருகிட்டத் திரும்பிப் போகாம இருந்தீங்களா?"

யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஒத்தச் சட்டைக் கதையை எடுத்து விட்டிருப்பார். இன்று அது வாயில் வரவில்லை.

"ஆறு மாசம் கம்பெனி வாசலையே பாத்துட்டிருந்தேன்" என்றார். "சாப்பாட்டு பெல் அடிச்சா மொத ஆளா வெளிய வருவேன். எங்கய்யன் வந்து நிப்பாரு, நின்னா மறுபேச்சில்லாமப் போயிரலாம்னு. ஆளு வல்ல. அவரும் அங்க வாசல்ல உக்காந்து என்னையப் பாத்துட்டிருந்தாராம். கருமாதிக்குப் போனப்பத்தான் சொன்னாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பதினஞ்சு கிலோமீட்டர்டா. ரெண்டு பேருல ஒருத்தர் பஸ் ஏறியிருக்கலாம்."

பாக்கெட்டில் போன் அடித்தது. மேனேஜர். நாலு மணிக் கன்டெய்னர் விஷயமாகத்தான் இருக்கும். அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சசி போனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று வாரம் பேக்கரியில் உட்கார்ந்து பார்த்த பார்வைதான் அது என்று மகுடேஸ்வரனுக்கு இப்போது தெரிந்தது.

"நெதமும் அங்க வந்து உக்காந்தியாமே. எதுக்குடா?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னுதானுங்க. ஊட்டுல சொல்ல பயம். கேட்டுல வெச்சு, ரோட்டுல நாலு பேர் இருக்கறப்பச் சொன்னா அடிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க நெதமும் போன்ல பேசிட்டே உள்ள போயிருவீங்க."

தெருக்கோடியில் சாப்பாட்டு நேரம் முடிந்து கம்பெனி பெல் அடித்தது. முப்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் தன்னால் எழுந்துவிடுகிற கால்கள். மகுடேஸ்வரன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

"சொல்லு கண்ணு" என்றார். "ஸ்கூல்ல என்ன ஆச்சு?"

சசி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பெல் நிற்கும்வரை காத்திருந்தான். அப்பா எழுந்திருக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகு சொல்ல ஆரம்பித்தான்.